எல்லாச் சாவியும் திறந்த ஊர்

கீழ்மதகில் எல்லாச் சாவியும் எல்லாப் பூட்டையும் திறக்க ஆரம்பித்தது ஒரு புரட்டாசி மாதச் செவ்வாய்க்கிழமை. அன்று விடிகாலையில் பால் பூத் மாயக்கிருஷ்ணன் தூக்கக் கலக்கத்தில் பெண்டாட்டியின் பீரோச் சாவியை எடுத்துக்கொண்டு போய் பூத்தைத் திறந்துவிட்டு, முப்பது பாக்கெட் விற்ற பிறகுதான் கையில் இருப்பது எந்தச் சாவி என்று பார்த்தான். அதே நேரத்தில் கோயில் பூசாரி சைக்கிள் சாவியால் கருவறையைத் திறந்துவிட்டு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழு மணிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் அலறவில்லை. மழை தூறினால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்கப் போகிற மாதிரி, அவரவர் வாசலுக்கு வந்து, தம் வீட்டுப் பூட்டைப் பூட்டி, எதிர்வீட்டுச் சாவியை வாங்கித் திறந்து பார்த்து, “ஆமாப்பா, தொறக்குது” என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்க உள்ளே போனார்கள்.

ஏன் இப்படி என்று தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தான். நல்லகாமன். நகராட்சி அலுவலக மாடியில், எந்நேரமும் ஏசி ஓடுகிற அறையில் இருக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர். வயசு ஐம்பத்தொன்பது, ஓய்வுக்கு இன்னும் ஏழு மாசம். ஊரார் அந்த சர்வரைப் பெட்டி என்பார்கள். அவரைப் பெட்டிக்காரர் என்பார்கள்.

அன்று காலை ஒன்பதரை மணிக்குச் சென்னையிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. பெட்டியின் கெர்னலில் ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, அதன் வழியாக எந்தச் சாதாரண ஆளும் நுழைந்து எல்லா அனுமதியையும் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம், அதை அடைக்கும் அப்டேட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறோம், நிறுவிவிட்டு உடனே ரீஸ்டார்ட் செய்யவும். அவர் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே வராந்தாவில் பியூன் கழிப்பறைச் சாவியால் ரெக்கார்டு ரூமைத் திறந்துகொண்டிருந்தான். நல்லகாமன் கடிதத்தைப் பார்த்தார், பியூனைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

பெட்டிக்கும் பீரோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது. பதிமூன்று வருஷத்துக்கும் மேலாக ஊருக்குத் தண்ணீர் விட்டது, தெருவிளக்கைப் போட்டு அணைத்தது, வாய்க்கால் ஷட்டரைத் தூக்கி இறக்கியது, பிறந்தவனையும் செத்தவனையும் எழுதி வைத்தது எல்லாம் அந்தப் பெட்டிதான். ஊர் அதன் மேல் எவ்வளவு சாய்ந்திருந்ததோ அவ்வளவுக்கு அதன் ஓட்டை ஊருக்கும் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

கெர்னல் என்பது பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற நாட்டாமை. எவன் உள்ளே வரலாம், எவன் எதைத் தொடலாம், எவன் வாசலோடு நிற்கணும் என்று சொல்வது அவர்தான். நாட்டாமைக்குக் கண் மங்கிவிட்டால் வந்தவனெல்லாம் வீட்டுக்காரன். அப்டேட் வந்தால் கண் தெளிந்த புது நாட்டாமை வருவார். ஆனால் நிறுவுவது வேறு, அவர் வேலையில் உட்காருவது வேறு. புதியவர் உட்கார வேண்டுமானால் பெட்டி ஒருமுறை கண்ணை மூடித் திறக்க வேண்டும். கீழ்மதகில் அதுதான் நடக்காது.

நடக்காததற்குக் காரணம் ஒரு கரும்பலகை. அலுவலகத் தாழ்வாரத்தில், உள்ளே வருகிற எவன் கண்ணிலும் படுகிற இடத்தில், பெட்டி ஒருமுறைகூட அணையாமல் ஓடிய நாட்களை நல்லகாமன் தினமும் காலையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதுவார். ஊருக்கு அது தேர் மாதிரி. புயலடித்து மூன்று நாள் கரண்ட் இல்லாதபோது பஸ் முதலாளி தன் வண்டிகளின் பேட்டரிகளைக் கழற்றிக் கொடுத்தார். அதுவும் தீர்ந்தபோது கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரை, மாப்பிள்ளையையும் பெண்ணையும் இருட்டில் உட்காரவைத்துவிட்டு, எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து ஊர் மேல்மதகுக்காரர்கள் பெண் கேட்டு வந்தால், “உங்க ஊர்ப் பெட்டி வியாழக்கெழம விழுந்துச்சாமே” என்று கேட்டு அவர்கள் முகம் சுண்டுவதைப் பார்த்த பிறகுதான் காப்பி கொடுப்பார்கள். ஆயிரம் நாளுக்குத் தேங்காய், இரண்டாயிரத்துக்குப் பொங்கல், மூவாயிரத்துக்கு மேளம், நாலாயிரத்துக்குக் கிடா. ஐயாயிரத்துக்கு மந்திரியே வருவதாக இருந்தது. ஆகவே வருகிற அப்டேட்டையெல்லாம் நல்லகாமன் வந்த அன்றே நிறுவிவிடுவார், ரீஸ்டார்ட் மட்டும் செய்யமாட்டார். அப்படி வந்த நாற்பத்தொரு புது நாட்டாமைகளும் வாசலில் துண்டை விரித்துக் காத்துக் கிடந்தார்கள், உள்ளே பழையவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை நாற்பத்திரண்டாவது ஆளும் வந்து வரிசையில் உட்கார்ந்தார். பலகையில் 4971.

சேர்மன் தவசியிடம் போய் நல்லகாமன் விஷயத்தைச் சொன்னார். பெட்டியில் ஓட்டை, அதனால்தான் சாவி இப்படி, அணைத்துப் போடணும், அஞ்சு நிமிஷ வேலை. தவசி யோசிக்கவே இல்லை.

“அண்ணே, எவன் வீட்லயாவது திருடு போச்சா?”

“இன்னும் இல்ல.”

“அப்பறம் என்ன? இருபத்தொம்பது நாளு. பொறுக்க மாட்டீகளா? ஐயாயிரத்தை முடிச்சுட்டு அணைச்சுக்கங்க.”

நல்லகாமன் எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அந்த எண் அவருக்கும் வேண்டியிருந்தது. பெருமைக்கு அல்ல, வீட்டில் ஒருத்தி கேட்பாள்.

அவர் மனைவி ஒச்சம்மாளுக்கு மறதி வந்து மூன்று வருஷம். முதலில் உப்பை மறந்தாள், பிறகு கிழமையை, பிறகு திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட மகளை, போன தை மாசத்திலிருந்து அவரையும். “நீங்க எந்தத் தெருங்க” என்று மரியாதையாகக் கேட்பாள். ஆனால் சாயங்காலம் அவர் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது, இடிந்த வீட்டில் ஒரு சுவர் மட்டும் நிற்கிற மாதிரி, ஒரு கேள்வி மட்டும் தப்பாமல் வரும்: “இன்னைக்கு எத்தனை?” அவர் பலகையின் எண்ணைச் சொல்வார். நேற்றையதற்கு மேல் ஒன்று கூடியிருந்தால் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவாள். ஒருநாள் அசதியில் பத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டார். தட்டைத் தள்ளிவிட்டு, யாரோ அந்நியன் வீட்டுக்குள் புகுந்துவிட்டான் என்று பக்கத்துவீட்டு ராக்கம்மாவைக் கூப்பிட்டாள். நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றுக்கு மறுநாள் ஒன்று என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

வாசலில் பூட்டுப் போட்டதும் அவளுக்காகத்தான். கவனிக்காமல் விட்டால் வாய்க்கால் படித்துறைக்குப் போய்விடுவாள், துணி துவைக்க, கையில் துணி இல்லாமல். அவர் வேலைக்குப் போகும்போது வாசல் கம்பிக் கேட்டைப் பூட்டிவிட்டுப் போவார். உள்ளேயிருந்து கம்பிக்கு நடுவே கையை விட்டால் பூட்டு எட்டும், ஆனால் சாவி ஒன்றே ஒன்று, அதை அரைஞாண் கயிற்றில் கட்டி இரண்டு வருஷமாக இடுப்பிலேயே வைத்திருந்தார், குளிக்கும்போதும் அவிழ்த்ததில்லை.

ஓட்டையை அடைக்காவிட்டால் என்ன, அதற்கு முன்னால் நின்றுகொள்ளலாம் என்று அவர் நினைத்தார். அன்று மாலையே வீட்டில் கிடந்த சாவிகளையெல்லாம் பொறுக்கினார்: பீரோ, டிரங்குப் பெட்டி, தையல் மெஷின் டிராயர், தோட்டத்துக் கதவு, எதற்கென்றே தெரியாத துருப்பிடித்த பதிமூன்று, எல்லாம் சேர்த்துப் பதினேழு. சாவியே இல்லாத வீட்டில் எந்தப் பூட்டும் பூட்டுதான். மஞ்சப்பையில் போட்டுத் தினமும் கையோடு ஆபீசுக்குக் கொண்டுபோவது, காலையும் மாலையும் எண்ணிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார். பிறகு இடுப்பிலிருந்த சாவியையும் அவிழ்த்து அதே பையில் போட்டார். துருப்பிடித்தவற்றோடு கலந்தால் தனியாகத் தெரியாது; இனி அது பதினெட்டில் ஒன்று, இடுப்பை உறுத்துவானேன். அவிழ்த்ததுதான் தப்பு. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

ஊர் பழகிக்கொண்டது.

முதல் வாரம் பயம். பெண்கள் கதவுக்குப் பின்னால் ஆட்டுக்கல்லை உருட்டி வைத்தார்கள், ஆண்கள் வாசற்படியை அடைத்துக் கட்டிலைப் போட்டார்கள், பாங்கு மேனேஜர் பெட்டகத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து இட்லியை அங்கேயே சாப்பிட்டார், நகையை மாட்டுக் கொட்டகையில் புதைத்தவர்கள் எந்த மாட்டுக்குக் கீழே என்று மறந்துபோய் மாடுகளைத் திட்டினார்கள்.

இரண்டாவது வாரம் போக ஆரம்பித்தார்கள். எடுக்கத்தான் போனார்கள், பொய் சொல்லி என்ன. ஆள் இல்லாத நேரம் பார்த்து அடுத்தவன் வீட்டைத் திறந்து, பீரோவைத் திறந்து, லாக்கரைத் திறந்தால், எல்லா வீட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான் இருந்தது: உடுத்தாத பட்டுச்சேலை, செத்துப்போன பிள்ளையின் சட்டை, மடித்து மடித்து மடிப்பில் கிழிந்த ஒரு கடுதாசி, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் விழுங்குகிற மாத்திரை அட்டை. ஊரை அடித்து உலையில் போட்டவர் என்று பேர் வாங்கிய ரைஸ்மில் விருமாண்டியின் இரும்புப் பெட்டிக்குள், நாலு கோலிக்குண்டும் பஞ்சில் சுற்றிய ஒரு பால்பல்லும் தவிர வேறொன்றும் இல்லை. பார்த்தவர்கள் எதையும் தொடாமல் வெளியே வந்து, பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் விருமாண்டி தெருவில் வந்தபோது டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஏன் எழுந்தார்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அதன் பிறகு அவர் தெருவில் நடப்பதையே விட்டுவிட்டார்.

மூன்றாவது வாரம் முறை வந்துவிட்டது. குழாயடியில் பெண்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள்: அடுத்த வீட்டுக்குள் போகுமுன் இரண்டு தரம் இருமணும், சர்க்கரை எடுத்தால் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வரணும், படுத்த படுக்கையாக ஆள் இருந்தால் ஒரு வாய் தண்ணீராவது கொடுத்துவிட்டு வரணும், உள்ளே யாராவது அழுதுகொண்டிருந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடணும், பார்த்ததாக வெளியே சொல்லக் கூடாது. கிளைச்சிறையில் இருந்த மூன்று பேரும் மத்தியானம் தாங்களே திறந்துகொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்குத் திரும்பி வந்து தாங்களே பூட்டிக்கொண்டார்கள், ஏனென்றால் நாலரைக்கு ஆள் எண்ணுகிற வார்டர் மூவரில் ஒருத்தனுக்குத் தாய்மாமன். எந்தச் சாவி எவனுடையது என்கிற பேச்சே போய்விட்டது. டீக்கடை மேஜையில் ஒரு பீங்கான் தட்டு. வருகிறவன் சாவியை அதில் போடுவான், போகிறவன் கைக்கு வந்ததை எடுத்துக்கொள்வான். பூட்டுவதை மட்டும் யாரும் விடவில்லை. பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

இதில் வயிறெரிந்தவர் பூட்டு ரிப்பேர்க் கடை பக்கீர் ராவுத்தர் ஒருவர்தான். வேலை இல்லை என்பதற்காக இல்லை. ஒருநாள் காலை நல்லகாமன் அந்த வழியாகப் போகும்போது கூப்பிட்டு உட்காரவைத்தார். முன்னால் கிழிந்த சாக்கில் இருபது பூட்டுகள் குடல் பிரிந்து கிடந்தன.

“மாப்ள, எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டேன். பூட்டுல ஒரு கொறையும் இல்ல. சாவியிலயும் இல்ல. தப்பு வேற எங்கயோ.”

நல்லகாமன் மடியிலிருந்த பையை இன்னும் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டார்.

“ஒனக்குத் தெரியும்போலருக்கு.”

“இன்னும் எட்டு நாளு மாமா.”

“எட்டு நாள்ல என்ன?”

அவர் எழுந்து போய்விட்டார். அன்று பலகையில் 4992. ஒச்சம்மாள் கேட்டாள், அவர் சொன்னார், அவள் தலையை ஆட்டிவிட்டு இரண்டு தோசை தின்றாள்.

4996ஆம் நாள் சனிக்கிழமை. விழாவுக்கு அலுவலக வாசலில் பந்தல் போடுகிறார்கள், பெட்டிக்குப் போகிற கேபிள் பக்கத்திலேயே கடப்பாரையால் குழி தோண்டுகிறார்கள் என்று காலையில் போன் வந்தது. நல்லகாமன் வாயில் போட்ட இட்லியை விழுங்காமலே ஓடினார். கேட்டைப் பூட்டினார், இரண்டு தரம் இழுத்தார். பையை எடுத்துக்கொண்டார். எண்ணவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு வந்தபோது கேட் பூட்டியபடியே இருந்தது. உள்ளே அவள் இல்லை. வெளியேயே நின்று மூன்று தரம் கூப்பிட்டார். பிறகு குனிந்து, பையை வாசலில் கொட்டி எண்ணினார். பதினேழு.

ராக்கம்மா ஈரக்கையோடு வந்தாள். பத்து மணி இருக்கும் என்றாள். அவசர அவசரமாக ஊர்ப்பட்ட விஷயம் சொன்னாள், அடுப்பில் பால் வைத்திருந்ததாகச் சொன்னாள், கேட் திறக்கிற சத்தம் கேட்டு, யாரோ வழக்கம்போல இருமிவிட்டு வருகிறார்கள் என்று நினைத்ததாகச் சொன்னாள். எட்டிப் பார்த்தபோது ஒச்சம்மாள் வெளியே நின்று பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். எங்க கெளம்பிட்டீகக்கா என்று ராக்கம்மா கேட்டாளாம்.

“அதுக்கு என்ன சொன்னா?”

“‘பூட்டிட்டுத்தாம்மா போறேன்’னாங்க. சாவிய முந்தியில முடிஞ்சுக்கிட்டுப் போனாங்க. தெளிவா இருந்தாங்கண்ணே. நான் என்னத்தக் கண்டேன்.”

நல்லகாமன் படித்துறைக்குப் போகவில்லை. நேரே ஆபீசுக்குப் போய், பெட்டியிடம் சொல்லி வாய்க்கால் ஷட்டரை இறக்கினார். கடைமடை விவசாயிகள் போனில் கத்தினார்கள். அவர் ரிசீவரை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். தண்ணீர் வடிய வடிய ஊர் சேற்றில் இறங்கியது. பால் பூத் மாயக்கிருஷ்ணன் இறங்கினான், வார்டர் இறங்கினார், கிளைச்சிறைக்காரர்கள் மூவரும் இறங்கினார்கள், வெளியே வராத விருமாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சனி, ஞாயிறு, திங்கள், மூன்று நாள் பகல் முழுக்க ஏழு கிலோமீட்டர் தடவினார்கள். பித்தளைச் செம்பு கிடைத்தது, கை உடைந்த சாமி கிடைத்தது, இரண்டு சைக்கிள் கிடைத்தது. ஒச்சம்மாள் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலும் பக்கத்து ஊர்களிலும் பார்த்தவர் இல்லை. கிடைத்திருந்தால் அழுதிருக்கலாம்.

திருப்பூரிலிருந்து மகள் வந்தாள். ராக்கம்மா வீட்டில்தான் தங்கினாள். எந்தச் சாவியைப் போட்டாலும் திறக்கிற பூட்டு, திறந்து உள்ளே போய் உட்காரலாமே என்று அப்பாவிடம் கேட்டாள். அவர் ரெக்கார்டு ரூமிலேயே படுத்து எழுந்துகொண்டிருந்தார், தாடி வளர்ந்திருந்தது.

“அவ பூட்டுனது,” என்றார். “யாரும் தொடக் கூடாது.”

மகள் தெருவுக்கே சொல்லிவிட்டாள், யாரும் தொடவில்லை. எல்லாப் பூட்டும் திறந்துகிடந்த ஊரில் அது ஒன்று மட்டும் பூட்டிக் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவர் வழக்கம்போலப் பலகையில் 4999 என்று எழுதினார். பந்தலில் சிவப்புக் கம்பளம் விரித்துக்கொண்டிருந்தார்கள். தவசி வந்து, விழாவைச் சின்னதாக முடித்துக்கொள்ளலாம், மந்திரிக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது, அண்ணனுக்குத் தெரியாததா என்று பந்தல்காலைப் பார்த்துப் பேசினார். நல்லகாமன் கேட்டுக்கொண்டார். பதினோரு மணிக்கு மாடிக்குப் போய், பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல் ரீஸ்டார்ட் போட்டார்.

பதிமூன்று வருஷமாக ஓயாமல் ஓடிய காற்றாடிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த அறையில் அப்படி ஓர் அமைதி இருக்க முடியும் என்று அவருக்கே தெரியாது. அது மாடிப்படியில் இறங்கித் தெருவுக்கு வந்தது. குழாய்களில் தண்ணீர் பாதி விழுந்து நின்றது, குழாயடியில் பேச்சு பாதியில் நின்றது, பந்தல்காரன் ஓங்கிய சுத்தியலை இறக்காமல் நின்றான், டீக்கடைக்காரன் ஆற்றிய டீ ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வருவதற்கு நேரமானது. அஞ்சு நிமிஷம் என்று சொன்னவருக்கு ஏழு நிமிஷம் ஆயிற்று. வராதோ என்று நினைத்தார். வராவிட்டால் என்ன என்றும் நினைத்தார். பழைய நாட்டாமை எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நாற்பத்தொரு பேரைத் தாண்டி, கடைசியாக வந்தவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். முதல் காற்றாடி சுற்றியது. தெருவில் டீ டம்ளரில் விழுந்தது.

நல்லகாமன் கீழே வந்து, தோள்துண்டால் பலகையைத் துடைத்துவிட்டு, 1 என்று எழுதினார்.

அந்த நிமிஷத்திலிருந்து ஒவ்வொரு பூட்டும் தன் சாவியைக் கேட்டது. ஆனால் ஊரில் எவன் கையிலும் அவன் சாவி இல்லை. நாலு வாரமாகத் தட்டில் போட்டு எடுத்த சாவிகள் வீடு வீடாக, கடை கடையாக, சிலது கல்யாணத்துக்கு வந்தவர்களோடு வெளியூருக்கும் போயிருந்தன. பகல் வெயிலில் ஊர் முழுக்கத் தன் தன் வாசலில் நின்றது. உள்ளே அடுப்பில் சோறு பொங்கியது, தொட்டிலில் பிள்ளை கத்தியது, படுக்கையில் கிடந்தவர்கள் தண்ணீர் கேட்டார்கள். ஒன்பது கதவுகளை உடைத்தார்கள். பெட்டிக்காரரை ஒருநாள் முழுக்க வைதார்கள். மறுநாள் வைவதை நிறுத்திவிட்டார்கள், ஒச்சம்மாளை நினைத்து.

விழாப் பந்தல் வீணாகவில்லை. பக்கீர் ராவுத்தர் சிவப்புக் கம்பளத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், ஊரிலுள்ள சாவிகளையெல்லாம் அவர் முன்னால் கொண்டுவந்து கொட்டினார்கள், அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பல்லைப் பார்த்து, இது பீரோ, இது தொங்குபூட்டு, இது வண்டி, இது சாமி ரூம் என்று பிரித்துப் போட்டார்; ஜனங்கள் அள்ளிக்கொண்டு ஓடிப் போட்டுப் பார்த்து, திறக்காததைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள். ஐந்து நாள் இப்படி நடந்தது. குவியல் குறையக் குறைய ஊரில் சத்தமும் குறைந்தது. சாவி கிடைத்தவன் அதை மூடிய கையில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். யாரும் யார் வாசலிலும் இருமவில்லை. கவிழ்த்து வைத்த டம்ளர்களை நிமிர்த்தி வைத்தார்கள். கிளைச்சிறையில் மூன்று பேரும் மத்தியானம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நின்றுவிட்டு உட்கார்ந்தார்கள். விருமாண்டி இரும்புப் பெட்டியின் சாவியைத் தேடி வரவே இல்லை.

ஆறாவது நாள் எவனும் கேட்காத சாவிகள் ஒரு கூடை மிஞ்சின. இருநூற்று முப்பத்தொன்று. ராவுத்தர் கூடையையும், கூடவே இரும்பு அறுக்கிற ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு நல்லகாமனைத் தேடி வந்தார்.

“வா மாப்ள. ரெண்டு நிமிஷத்துல அறுத்துருவேன். எத்தனை நாளைக்கு ஆபீசுல கெடப்ப?”

“ரம்பம் வேணாம் மாமா. கூடையை எடுத்துக்கிட்டு வாங்க.”

இருவரும் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். மகள் வந்து நின்றாள், ராக்கம்மா வந்தாள், தெரு கூடிவிட்டது. நல்லகாமன் முதலில் மஞ்சப்பையை அவிழ்த்தார். பதினேழு. ஒவ்வொன்றாகப் பூட்டில் விட்டு மெதுவாகத் திருப்பினார். ராவுத்தர் இத்தனை வருஷத் தொழிலில் பூட்டைத் திறக்கப் பயந்த ஆளைப் பார்த்ததில்லை.

“தொறந்துச்சுன்னா நல்லதுதான மாப்ள?”

நல்லகாமன் திரும்பிப் பார்க்கவில்லை. “தொறந்துச்சுன்னா, அவ எடுத்துட்டுப் போனது வேற எதோ சாவி. அன்னைக்கு எல்லாம் தொறந்துச்சு, எதையோ வச்சுப் பூட்டிட்டுப் போயிருப்பா. திரும்பி வந்து அதப் போட்டுப் பாத்துட்டு, நம்ம வீடு இது இல்லன்னு போயிருவா.”

ராவுத்தர் கூடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அறுவைச் சிகிச்சைக்குக் கத்தி எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு சாவியாக எடுத்துக் கொடுத்தார். பதினேழும் திறக்கவில்லை. கூடையில் ஐம்பதும் திறக்கவில்லை. நூறாவதைத் தாண்டியபோது ஒரு சாவி அரைச் சுற்றுத் திரும்பியது. தெரு மூச்சை நிறுத்தியது. நல்லகாமன் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு மேல் திரும்பவில்லை. வெயில் ஏறி இறங்கியது. திறக்காத ஒவ்வொரு சாவிக்கும் தெரு ஒரு பெருமூச்சு விட்டது, வேண்டுதல் மாதிரி. இருநூறும் ஆயிற்று. கடைசியில் மிஞ்சியது டீக்கடைத் தட்டிலிருந்து வந்த சின்னப் பித்தளைச் சாவி ஒன்று. ராவுத்தர் அதைக் கொடுக்குமுன் தன் சட்டையில் துடைத்தார். உள்ளே போனது. திரும்பவில்லை.

நல்லகாமன் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“அப்ப அவகிட்டதான் இருக்கு,” என்றார்.

ஆமாம் மாப்ள என்றார் ராவுத்தர். அந்தச் சாவி வாய்க்காலிலும் இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும், தெருவுக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. ரம்பத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் போனார்.

அந்த வீடு அதன் பிறகு திறக்கப்படவில்லை. கம்பி வழியாகப் பார்த்தால் அந்தச் சனிக்கிழமையிலேயே நிற்கிற காலண்டரும், பாதி இட்லியோடு காய்ந்த தட்டும், ஆணியில் அவருடைய இன்னொரு சட்டையும் தெரியும். பெட்டிக்கு ஓட்டை வந்திருக்கிறது என்று சென்னையிலிருந்து கடிதம் வந்தால் நல்லகாமன் இப்போது கையில் இருக்கும் டீயைக்கூட முடிப்பதில்லை, அந்த நிமிஷமே நிறுவி அந்த நிமிஷமே ரீஸ்டார்ட் போட்டுவிடுகிறார். பலகையில் எண் முப்பதைத் தாண்டியதில்லை. யாரும் அதைப் பார்ப்பதும் இல்லை. மேல்மதகுக்காரர்கள் இப்போது பெண் கேட்டு வந்தால் பெட்டியைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் அவர் வீட்டு வாசலுக்கு வருவார். துருப்பிடித்துவிடக் கூடாது என்று பூட்டுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார். யாரோ கேட்பதற்காகக் காத்திருக்கிற மாதிரி கொஞ்சம் நிற்பார்.

“இன்னைக்கு ஒம்பது,” என்பார்.

பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். போய்விடுவார்.